தேமல் என்று எழுதி வைத்த கை

ஆம்பூரில் ஒருவர் உடம்பில் தடிப்போ நிறம் மாறிய இடமோ தெரிந்தால் அதற்குக் காரணம் தயாராக இருக்கும். ஷூ கம்பெனியில் வேலை செய்பவள் என்றால் "சொல்யூஷன் அலர்ஜி." தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்பவன் என்றால் "குரோம் அரிப்பு." இரண்டும் இல்லையென்றால் "தண்ணி சரியில்ல." இந்த மூன்றைத் தாண்டி நாலாவதாக ஒன்று இருக்கும் என்று எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் மேகலா. ஆறு வருடம் ஒரு ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவில் இருந்தேன், சொல்யூஷன் என்பது அந்தப் பசைதான். பிறகு அந்தப் பசை வாசனையே வேண்டாம் என்று வேலையை விட்டுவிட்டு அழகுக்கலை வகுப்பில் சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மொபைல் கடைக்கு மேல் மாடியில் அந்த வகுப்பு. பன்னிரண்டு பெண்கள், நாலு சாய்வு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி. என் வீட்டுக்காரர் பிரபு பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் வேலையில் இருக்கிறார். உள்ளங்கையை ஒருமுறை ஓட்டினால் போதும், மாட்டை எந்தக் காலத்தில் முள் கீறியது, எங்கே உண்ணி கடித்தது என்று சொல்லிவிடுவார். இப்படித் தோலே பிழைப்பாகிப் போன வீட்டில்தான் என் தோலை யாரும் சரியாகப் படிக்கவில்லை.

வகுப்பில் முதலில் கற்றுக்கொடுத்தது மேக்கப் இல்லை. தோலில் வரும் கோளாறுகளைப் பார்த்ததும் அடையாளம் காண்பது. பரு, மங்கு, படர்தாமரை, கரப்பான், தேமல், வெண்புள்ளி, பாலுண்ணி. எங்கள் ஆசிரியை ஷாலினி மேடம் நோட்டில் மூன்று பத்தி போடச் சொல்வார். கை வைக்கலாம், கை வைக்கக் கூடாது, டாக்டரிடம் அனுப்பு. படர்தாமரை ஒட்டிக்கொள்ளும், கை வைக்கக் கூடாது. மங்கு ஒட்டாது, ஆனால் கண்ட கிரீமையும் போடக் கூடாது. நிறம் மாறிக்கொண்டே போகிற மச்சம் டாக்டரிடம். தேமல் சாதாரணம், கை வைக்கலாம்.

அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸீமா என் வலது முழங்கைக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெளுத்திருந்த இடத்தைப் பார்த்தாள். நல்ல கைவண்ணம் உள்ளவள். என் கையை அப்படியே நோட்டில் வரைந்து கீழே 'தேமல்' என்று எழுதி மேடத்திடம் காட்டினாள். மேடம் என் கையை ஒரு பார்வை பார்த்தார், படத்துக்கு டிக் போட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கை வகுப்புக்கே பொதுச்சொத்து ஆகிவிட்டது. ஃபவுண்டேஷன் நிறம் பார்க்க முன்கையில் தடவிப் பார்ப்போம். ஆம்பூர் வெயிலில் மின்விசிறிக்குக் கீழேயே எல்லோர் கையிலும் வியர்த்து வழிந்துவிடும். என் கையில் அந்த ஒரு இடத்தில் மட்டும் பூசியது பூசியபடி நிற்கும். மெழுகு போட்டு முடி எடுக்கும் பயிற்சியில் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்னாடி, உனக்கு வலியே இல்லயா?" என்பாள் நஸீமா. "கல்லு கைடி இது."

"கம்பெனில ஆறு வருஷம் இருந்த கைடி. எதையும் தாங்கும்."

எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. வியர்க்காததும், முடி குறைந்திருந்ததும், வலிக்காததும் அழகுக்கு ஏற்ற கை என்பதற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றும் சேர்ந்து வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் மெழுகு உருக்கும் பாத்திரத்தில் சூடு கட்டுப்படவில்லை. நஸீமா கரண்டியால் எடுத்து என் முன்கையில் தடவிவிட்டாள். நான் வழக்கம்போல பஸ் பார்த்தேன். மேடம் வந்து சூடு பார்க்க அந்தக் கரண்டியைத் தன் மணிக்கட்டில் வைத்தவர் "அம்மா" என்று கையை உதறினார். பிறகு என் கையைப் பார்த்தார். மெழுகோடு தோலும் சேர்ந்து சுருங்கியிருந்தது.

"மேகலா, உனக்குச் சுடலயா?"

"இல்லயே மேடம்."

நஸீமா அழ ஆரம்பித்தாள். எனக்கு அவள் ஏன் அழுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது.

தெருக்கோடி கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் புண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க என் முகத்தையே கவனித்தார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். "தொட்டா சொல்லுங்க" என்றார். நான் காத்திருந்தேன். வெளியே ரயில் போகும் சத்தம் கேட்டது, அது முழுவதும் போய் முடிந்தது. "இன்னும் தொடலயா சார்?" என்றேன். கண்ணைத் திறந்தால், வெளுத்த இடத்தின் நடுவில் அவர் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தார்.

வேலூரைத் தாண்டி இருக்கும் ஒரு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுநாள் நானும் பிரபுவும் பஸ்ஸில் போனோம். பள்ளிகொண்டா வந்ததும் அவர் என் சட்டைக்கையை மேலே தள்ளி, கட்டுக்கு மேலே அந்த வெளுப்பின் ஓரத்தை விரலால் தடவினார்.

"இங்க தோலோட வரி, கிரெயின், வேற மாதிரி இருக்குன்னு எனக்குப் போன வருஷமே தெரியும்" என்றார். "சொரசொரன்னு இருந்துச்சு. சொல்யூஷன்னு விட்டுட்டேன். ஒரு ஆட்டுத்தோல்ல இருந்தா விட்டிருப்பனா?"

நான் அவர் தோளில் சாய்ந்து தூங்குவதுபோல் இருந்துவிட்டேன்.

அந்த மருத்துவமனையில் மரங்கள் அதிகம். காத்திருக்கும் கூடத்தின் சிமெண்டுத் தரையில் வேப்பமர நிழல் அசைந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தரை தண்ணீரோ என்று இருக்கும், கால் வைக்கத் தயக்கமாக இருக்கும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்த நிழல்தான் முதலில் வருகிறது, டாக்டரின் முகம் அப்புறம்தான்.

காது மடலிலும் வெளுத்த இடத்திலும் மெல்லக் கீறி, கசிந்த நீரைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார்கள். முழங்கையின் உட்பக்கம் விரல் வைத்து உருட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒரு நரம்பு ஓடுகிறது. எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை மின்சாரம் பாயுமே, அதே நரம்பு. எனக்கு அது கயிறு போலத் தடித்திருந்தது. பிறகு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இது தொழுநோய்."

பிரபு என் கையைப் பிடித்தார். நான் சுவரைப் பார்த்தேன். குஷ்டம் என்ற பழைய சொல் காதில் விழுந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

அவர் விளக்கியதை என் மொழியில் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். இது ஒரு கிருமி. மெதுவாக வளர்கிற கிருமி, உடம்புக்குள் வந்து வருடக்கணக்கில் சும்மா இருக்கும். தோலிலும் நரம்பிலும் குடியிருக்கும். நரம்பு கெட்டால் அந்த இடத்தில் சூடு தெரியாது, தொடுவது தெரியாது. மூச்சுக் காற்றின் வழியாகப் பரவுகிறது, அதுவும் வெகுநாள் நெருங்கிப் பழகினால்தான். பெரும்பாலானவர்கள் உடம்பே அதை எதிர்த்துவிடும். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவாது. ஒரு வருடம் விடாமல் சாப்பிட்டால் கிருமி போய்விடும். மாத்திரை இலவசம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "தோல் கொஞ்சம் கறுக்கும். மாத்திரைல ஒண்ணு அப்படி. நிறுத்தின அப்புறம் மெல்லத் தெளியும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "மேடம், நான் பியூட்டிஷியன் படிக்கிறேன்."

"அப்ப உங்களுக்குத்தான் நல்லாப் புரியும்" என்று அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரை நான் மறக்கமாட்டேன்.

வகுப்பில் தீப்புண் என்று மட்டும் சொன்னேன். முழுக்கை சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். ஒரு மாதம் கழித்து, புருவம் திருத்தும் பயிற்சியின்போது கை தகராறு செய்தது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மற்றதை இரண்டு கை விரல்களிலும் கோத்து, விரலை விரித்து மூடி முடியை எடுக்கவேண்டும். என் வலது கை விரல்கள் விரியவில்லை. நூல் நழுவியது. மறுபடி கோத்தேன், மறுபடி நழுவியது. சாயங்காலத்துக்குள் முழங்கையிலிருந்து சுண்டு விரல் வரை குடைய ஆரம்பித்தது. வெளுத்த இடம் சிவந்து வீங்கியது. இத்தனை நாள் வலிக்காத கை, மொத்தத்தையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் வலித்தது.

அதே மருத்துவமனைக்குப் போனோம், நேராக வார்டில் சேர்த்துவிட்டார்கள். மாத்திரை கிருமியைக் கொல்லும்போது, உடம்பு செத்த கிருமியோடும் சண்டைக்குப் போகுமாம். அந்தச் சண்டையில் நரம்பு வீங்கும். உடனே வீக்கத்தை அடக்கினால் கை திரும்பும், விட்டுவிட்டால் விரல் மடங்கியே நின்றுவிடும். மூன்று வாரம் இருக்கவேண்டும் என்றார்கள். எனக்கு இரண்டு பயம். கை போனால் தொழில் போச்சு. கை வந்தாலும், இன்ன நோய் என்று தெரிந்தால் யார் இந்தக் கைக்கு முகத்தைக் கொடுப்பார்கள்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையில் பசி ஜாஸ்தி. முகம் பூரிபோல உப்பியது. மதியமெல்லாம் விழிப்புமில்லாமல் தூக்கமுமில்லாமல் மிதந்தேன். கூரை விசிறி சுற்றும், அதன் நிழல் சுவரில் மெதுவாகச் சுற்றும். என் தோலைப் பிரபு மேஜைமேல் விரித்து, ஓரம் முதல் ஓரம்வரை உள்ளங்கையை ஓட்டிக்கொண்டு போவதாகக் கனவு வரும். எந்த இடத்துக்கு வந்தாலும் "இது நல்லா இருக்கு, இதுவும் நல்லா இருக்கு" என்பார். பயமே இருக்காது. விழித்தால் அவர் நிஜமாகவே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். தினமும் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருந்தார்கள். கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டுக் கேட்டுத் திட்டு வாங்கினார்.

கையில் உணர்ச்சியை அளக்க வரும் ஃபிசியோ அக்காவிடம் நைலான் இழைகள் உண்டு, முடிபோல மெல்லியதிலிருந்து தடித்தது வரை. கண்ணை மூடிக்கொண்டால் ஒவ்வொன்றாக விரலில் தொடுவார். தெரிந்தால் 'ஆமாம்' சொல்லவேண்டும். முதல் தடவை நான் கடகடவென்று ஆமாம், ஆமாம் என்றேன்.

"மேகலா, நான் இன்னும் இழைய எடுக்கவே இல்ல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பரீட்சை என்றால் எப்படியாவது தேறிவிடவேண்டும் என்ற மாணவி புத்தி.

"இதுல பாஸ் ஆகி இன்னா பண்ணப்போற?" என்றார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அப்பதான் மருந்தக் கூட்டலாமா குறைக்கலாமான்னு பார்க்க முடியும்." அடுத்த தடவை நாலில் மூன்றுக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அன்றுதான் முதல்முறையாக அழுதேன்.

பக்கத்துக் கட்டிலில் ராணி அக்கா. ஒடுகத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிறவர். நோய் எப்போதோ போய்விட்டது, உணர்ச்சி இல்லாத பாதத்தில் கல் குத்தி வந்த புண்ணுக்காக வந்திருந்தார். அந்த நோய் போகும்போது அவர் புருவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரு முடி இல்லை.

"பியூட்டி பார்லர் படிக்கிறியா? எனக்கு இன்னா செய்வ, சொல்லு" என்றார் ஒரு மதியம். "புருவம் எடுப்பேன்னு சொல்லாத. எடுக்க ஒண்ணுமில்ல."

பையில் புருவப் பென்சில் இருந்தது. வலது கையால் பிடித்தேன், விரல் சொன்னபடி கேட்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, எறும்பு ஊர்வதுபோல ஒவ்வொரு கோடாகப் போட்டேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ராணி அக்கா அசையவே இல்லை. பாதியில் தூங்கியேவிட்டார். எழுந்து சின்னக் கண்ணாடியைக் கிட்டேயும் தள்ளியும் பிடித்துப் பார்த்தார்.

"எங்க அக்கா சாடையா இருக்கேன்" என்றார் கடைசியில். அன்று முகம் கழுவவில்லை, மறுநாளும் கழுவவில்லை.

நெருங்கிப் பழகியவர்களைச் சோதிக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். பிரபுவுக்குப் பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள், தடுப்புக்கு ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள். அடுத்தது நஸீமா. எட்டு மாதம் என் கையைத் தன் மடியில் வைத்துப் பயிற்சி செய்தவள். போன் செய்து "ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் வாடி" என்று மட்டும் சொன்னேன்.

அவள் வந்து கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "வெளிய போர்டுல நோய் பேரு பார்த்தேன்" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய்க் குழாயில் கை கழுவினாள். திரும்பி வந்தாள், மறுபடி போய்க் கழுவினாள். எனக்கு மனசு விட்டுப்போனது. அவளுக்கும் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, "வர்றேன்" என்று என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். கையில் நோட்டும் ஒரு நூல்கண்டும். என் கையை வரைந்திருந்த பக்கத்தைத் திறந்து காட்டினாள். 'தேமல்' அடிக்கப்பட்டிருந்தது. படத்தை வெட்டி எடுத்து 'டாக்டரிடம் அனுப்பு' பத்தியில் ஒட்டியிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: வியர்க்காது, முடி இருக்காது, தொட்டால் தெரியாது.

"மேடத்துக்கிட்ட ஆள் யாருன்னு சொல்லல. இப்படி ஒண்ணு இருக்குதுன்னு மட்டும் சொன்னேன். அவங்க அன்னிக்குப் பூரா பேசவே இல்லடி." பிறகு குரல் இறங்கியது. "அன்னிக்குக் கை கழுவினேன்ல. பயந்துட்டேன். மன்னிச்சிடுடி."

"நானா இருந்தா ஓடியே போயிருப்பேன்" என்றேன். அது பொய்யில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு என் கட்டிலிலேயே காலை நீட்டிப் படுத்தாள். சாயங்காலம் வரை இருவரும் தூங்கினோம்.

வலி இறங்கிய பிறகு ஃபிசியோ அறையில் இளஞ்சூடான மெழுகில் கையை முக்கி எடுப்பார்கள். விரல் இளகுவதற்காம். மெழுகுப் பாத்திரத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஃபிசியோ அக்கா முதலில் தன் கையை விட்டுப் பார்த்தார், பிறகுதான் என் கையை வாங்கினார். அடுத்து என் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்து இழுப்பார். முதல் வாரம் இழுக்கும் முன்னே விழுந்தது. இரண்டாவது வாரம் இழுத்ததும் வந்தது. வீட்டுக்கு அனுப்பிய அன்று காகிதம் கிழிந்தது, நான் விடவில்லை.

மாத்திரை முடிந்துவிட்டது. நஸீமாவும் நானும் ஒன்றாகத்தான் தேர்வு எழுதினோம். இப்போது ஆம்பூரில் ஒரு பார்லரில் வேலை செய்கிறேன். மாநிறமாக இருந்தவள் கறுத்துப்போனேன், கேட்டால் வெயில் என்பேன். முழுக்கை சட்டைதான். தெரிந்தால் யார் முகத்தைக் கொடுப்பார்கள் என்ற அந்த இரண்டாவது பயத்தை மட்டும் நான் வீட்டுக்கு வரும்போது கூடவே கொண்டுவந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு மதியம் சுகன்யா என்று ஒரு பெண் வந்தாள். நான் இருந்த அதே பசைப் பிரிவில் வேலை செய்கிறாள். அண்ணன் கல்யாணம், புருவம் திருத்தவேண்டும். இடது புருவம் முடியும்போது கரண்ட் போய்விட்டது. விசிறி நின்றது. கண்ணுக்கு மேலே தோலை இழுத்துப் பிடித்திருந்த அவள் கை என் முகத்துக்கு நேராக இருந்தது. வியர்வையில் கை முழுக்கப் பளபளத்தது. மணிக்கட்டுக்கு மேலே வெளுத்த இடம் ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தது.

"இது இன்னாம்மா?"

"அதுவாக்கா? சொல்யூஷன் அலர்ஜி. மெடிக்கல்ல ஆயின்மென்ட் குடுத்தாங்க."

நூலைக் கீழே வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்தேன். "கண்ண மூடு. தொட்டா சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே மூடினாள். நேரம் போனது.

"எப்பக்கா தொடுவீங்க?"

பஞ்சு அந்த இடத்தில்தான் இருந்தது.

டாக்டரைப் பார் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவள் போகமாட்டாள். அடுத்த கல்யாணம் வரை ஆயின்மென்ட் தடவுவாள், பிறகு ஒரு நாள் விரலிலிருந்து ஏதாவது நழுவும். நான் வலது சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றி, முழங்கைக்கு மேலே சுருட்டினேன். கறுத்த கை, நடுவில் மெழுகு சுட்ட தழும்பு, அதைச் சுற்றி இன்னும் முழுதாக மறையாத வெளுப்பு. நோயின் பெயரைச் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன். எந்த பஸ், எங்கே இறங்கவேண்டும் என்று சொன்னேன்.

அவள் என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"உங்க கை சரியாய்டுச்சாக்கா?"

"சுண்டு விரல் கொஞ்சம் சோம்பேறி. மத்ததெல்லாம் வேல செய்யுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு புருவம் வில்லாக இருந்தது, மற்றது புதராக இருந்தது.

"நாளைக்கே வேலூர் போறேன்" என்றாள். "இப்படியே போனா டாக்டரு பயந்துடுவாரு." நாற்காலியில் மறுபடி சாய்ந்து, வலது புருவத்துக்கு மேலேயும் கீழேயும் விரல் வைத்துத் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

சட்டைக்கையை இறக்கவில்லை. நூலின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டேன், அதனால் அவளுக்குப் பதில் எதுவும் சொல்ல முடியவில்லை.